தவக்காலத்துக்கு முன் இரண்டு கல்யாணம்

அக்கா தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தையின் மாம்பழ நிறப் பட்டுப்புடவை. தலையில் அன்று காலை விமானத்தில் வந்த மல்லிகை. குவைத்தின் ஃபர்வானியாவில் நாங்கள் தங்கியிருந்த அத்தை வீட்டுக் கூடம் சிறியது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் பூவாசனையும் முந்திரிக்கொத்தின் நெய்வாசனையும் கலந்து மூச்சு முட்டியது.

எதிர்ச் சோபாவில் மாப்பிள்ளை. எண்ணெய்க் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு பக்கம் அவருடைய அண்ணன், மறுபக்கம் அண்ணி. அண்ணிதான் பேச்சைத் தொடங்கினார்.

"பிள்ளைக்கு இருபத்தெட்டுதானே?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

"முப்பத்தொண்ணு முடிஞ்சு. இருபத்தெட்டுங்கது அத்தைக்க ஆசை."

சொன்ன விதத்தில் கோபமில்லை. வார்டில் நோயாளியின் ரத்த அழுத்தத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் ஹீட்டரைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் மூவரும் கிளம்பினார்கள். அண்ணி மட்டும் போகிற போக்கில் இரண்டு முந்திரிக்கொத்தை டிஷ்யூவில் பொதிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கலாஸ்," என்றாள் அத்தை. "இந்த வருசமும் முடிஞ்சு." படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்காவும் நானும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனோம். அங்கே ஓர் ஆள் நின்றிருந்தான்.

சேவியர். எங்கள் பக்கத்து ஊர்க்காரன். மீன்பிடி லாஞ்சில் வேலை. கரைக்கு வரும்போதெல்லாம் அத்தை வீட்டுக்கு மீன் கொண்டுவந்து தருவான். அன்று அவன் அடுக்களைக்குள் நுழைந்த பிறகு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வெளியே போக வேண்டுமென்றால் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். மீன்வாடையோடு எப்படித் தாண்டுவது? சும்மா நிற்கப் பிடிக்காமல் கொண்டுவந்த வாவல் மீன் அத்தனையையும் செதில் சீவி, துண்டுபோட்டு, மஞ்சள் புரட்டி வைத்திருந்தான்.

"சிஸ்டர், நான் ஒண்ணும் கேக்கல்ல," என்றான் அக்காவிடம். அங்கே நர்ஸ்களை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள்.

"கேட்டது கேட்டதுதான்," என்றாள் அக்கா.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்பம் நானும் சொல்லிருதேன். எனக்கு முப்பத்திமூணு. யாரும் கேக்கல்ல."

அக்கா சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சீசன்

போன அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகி, குவைத்தில் வெயிலைத் தவிர வேறு காலமே கிடையாதா என்று கேட்டு எழுதியிருந்தார். உண்டு. குளிர்காலம் உண்டு. எங்களைப் போன்ற கல்யாணமாகாத பெண்களுக்கு அதற்கு வேறொரு பெயரும் இருந்தது: சீசன்.

ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிற நாளில் அது தொடங்கும். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில் தமிழ்ப் பூசை, கிறிஸ்துமஸ் பாட்டுக்குழு, பாலைவனத்தில் கூடாரமடித்துப் பிக்னிக், பொங்கல் விழா என்று வாரம் தவறாமல் ஏதாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவோம். ஸ்வெட்டரைப் போடாதே, புடவை தெரியாது என்று அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். நாங்கள் நடுங்கிக்கொண்டே நடப்போம்.

சாம்பல் புதன் வந்தால் சீசன் முடிந்தது; அன்றுதான் தவக்காலம் தொடக்கம். தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் கழிந்தால் வெயில் வந்துவிடும். லீவுக்காக ஆளாளுக்கு ஒரு பக்கம் பறந்துவிடுவார்கள். ஆகவே பேசுகிறதை எல்லாம் அதற்குள் பேசி முடிக்கவேண்டும்.

பூசை முடிந்த பின் கோயில் முற்றம்தான் சந்தை. ஆண்கள் தாங்களாகவே மூன்று வரிசையாகப் பிரிந்து நிற்பார்கள். அலுவலகக்காரர்கள் வாசலருகே, கையில் கார்ச்சாவியோடு. சைட்டில் வேலை செய்கிறவர்கள் மதிலோரம், ஒரே மாதிரி தேய்த்த சட்டையில். கடல்காரர்கள் கடைசியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம். லாஞ்சு கரையில் இருந்தால்தான் அவர்கள் வருவார்கள். அத்தையின் கண் முதல் வரிசையில் நிற்கும். வேறு வழியில்லாவிட்டால் இரண்டாவதுக்கு நகரும். குழாய்ப் பக்கம் திரும்பியதேயில்லை.

நர்ஸ் பெண்களுக்கு அங்கே கிராக்கி அதிகம். ஆனால் கேட்கிறவர்கள் பலருக்குப் பெண்ணைவிட அவளுடைய வேலைமேல்தான் பிரியம். ஒரு மாப்பிள்ளை அக்காவின் முகத்தைப் பார்க்குமுன் அவள் விசா எந்த வகை என்று கேட்டார். இன்னொருவர், கல்யாணத்துக்குப் பிறகும் நைட் டூட்டி பார்ப்பாயா, அதற்குத் தனிப்படி உண்டா என்றார். எட்டு வருடம் இப்படிப் போனது. அக்கா டயாலிசிஸ் வார்டில் வேலை பார்த்தாள். வாரம் மூன்று நாள் அதே முகங்களைப் பார்க்கிற வேலை. "எனக்க பேஷண்டுமாரு என்னைக் கேக்கற கேள்விகூட இதவிட நல்லாருக்கும்," என்பாள். "சாப்பிட்டியான்னு கேப்பாவ."

வீட்டில் ஒரு சட்டம்

அத்தை கடல்காரர்கள் பக்கம் திரும்பாததற்குக் காரணம் பகட்டு மட்டுமல்ல. அதைச் சொல்லாமல் போனால் அவளுக்கு அநியாயம் செய்தவளாவேன்.

எங்கள் அப்பா அவளுடைய ஒரே அண்ணன். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவரும் இன்னும் இருவரும் போன வள்ளம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் பலகை ஒன்று மட்டும் கரையொதுங்கியது. அதன்பின் அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "கடலுக்குப் போறவனுக்கு உங்கள குடுக்கமாட்டேன்."

அதற்காகத்தான் எங்களை நர்சிங் படிக்கவைத்தாள். முதலில் அக்கா, அத்தை இருந்த குவைத்துக்கு வந்தாள். நாலு வருடம் கழித்து என்னையும் வரவழைத்தாள். அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனதில் என் படிப்புக்கும் பங்குண்டு. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

எக்ஸ்ரே அறை

இப்போது என் கதைக்கு வருகிறேன். சீசனில் எனக்கு வேலையே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூத்தவள் இருக்க இளையவளை யார் பார்ப்பார்கள்?

நான் வேலை பார்த்த கிளினிக்கில் ஜெரால்டு எக்ஸ்ரே டெக்னீஷியன். தூத்துக்குடிக்காரர். கூச்ச சுபாவம். எனக்கு ஒரு மாதமாக இருமல் நிற்காததால் டாக்டர் மார்பு எக்ஸ்ரே எழுதினார். ஜெரால்டு என்னை நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். படம் எடுத்தார். அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டார். நானும் பிடித்தபடி நின்றேன். கடைசியில் இருமல் வந்துதான் காப்பாற்றியது.

"மன்னிச்சிக்கிடுங்க," என்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

படத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கேன்டீனில் எனக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்ததில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவர் சோர்ந்து வந்தார். "அம்மா ஊர்ல ஒரு பிள்ளை பாத்துருக்காவ. தவக்காலத்துக்கு முன்னால முடிச்சிரணுமாம். நம்ம விசயத்த சொன்னேன். மூத்த பிள்ளைக்கு ஆகாத வீட்டுல இளையத எப்படி எடுக்கதுன்னு கேக்காவ."

பிரியாணியை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்துபோனேன். சாம்பல் புதனுக்கு ஏழு வாரம் இருந்தது.

அக்காவிடம் சொல்லக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். சொன்னால் எனக்காக எவனுக்காவது சரியென்று சொல்லிவிடுவாள். என் உறுதி நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, "ஏட்டி, ஒரே நைட்டிய நாலு தடவ மடிக்க. என்ன விசயம்?" என்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்க கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ இருக்கையில நான் எப்படிக்கா…"

"நான் என்ன வாசல்கதவாட்டி? என்னைத் திறந்தாத்தான் நீ உள்ள போவணுமா?" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "அந்த அம்மாக்க நம்பரத் தா."

"நான்தான் அந்த மூத்தவ"

அவள் பேசியதை அருகிலிருந்து கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், என்னை வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னாள்.

"அம்மா, குவைத்திலருந்து ஸ்டெல்லா பேசுதேன். ரெஜினாவுக்க அக்கா."

"ஆங்… சொல்லும்மா."

"மூத்தவளுக்கு ஆகல்லன்னு நீங்க யோசிக்கியதாச் சொன்னாவ. நான்தான் அந்த மூத்தவ. எனக்கு ஒரு குறையும் இல்ல. பிடிச்ச ஆளு கிடைக்கல்ல, அவ்வளவுதான். எனக்காக எனக்க தங்கச்சி காத்திருந்தா அவளுக்கும் நல்லதில்ல, எனக்கும் நிம்மதியில்ல."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஊருல பேசுவாவளே, மக்களே."

"பேசட்டும். அவியளுக்கு நீங்க என் நம்பரக் குடுங்க. நான் பதில் சொல்லுதேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். நேரே முடிவு சொல்லவில்லை. ஆனால் என்னைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டார். பாடுவாளா, புளிக்குழம்பு வைப்பாளா, கோபம் வருமா. பாடமாட்டாள், வைப்பாள், வரும் என்று அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னாள். நான் அவள் தோளில் குத்தினேன்.

இரண்டாம் வாரம் ஜெரால்டு கேன்டீனுக்கு ஓடிவந்தார். "சரின்னுட்டாவ. ஒங்க அக்காவத்தான் அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பொண்ணப் பத்தி பெரிசா ஒண்ணும் சொல்லல்ல."

கூடாரக் கயிறு

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவேயில்லை. காதலிக்கிறவர்கள் மற்றவர்களைக் கவனிப்பதில்லை.

தை மாதம் பாலைவனத்தில் எங்கள் கோயில் பிக்னிக். காலையிலேயே காற்று. ஆறேழு பேர் சேர்ந்து கட்டிய கூடாரம் மூன்று முறை பறந்தது. நான்காவது முறை சேவியர் வந்து கயிற்றை வாங்கி என்னவோ ஒரு முடிச்சுப் போட்டான். அதன்பின் அது அசையவில்லை.

அக்கா அருகில் போய் நின்றாள். "அந்த முடிச்ச எனக்கும் சொல்லித் தாருங்க."

"இதெதுக்கு சிஸ்டர் ஒங்களுக்கு?"

"மொதல்ல இந்த சிஸ்டர விடுங்க."

அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தான். "அப்பம் என்னன்னு கூப்பிட?"

"எனக்குப் பேரு இருக்கு."

சேவியர் கயிற்றை அவள் கையில் கொடுத்தான். அக்கா முடிச்சைப் பழகினாள். பத்து நிமிடத்துக்குப் பிறகு, தரையைப் பார்த்தபடி, "ஸ்டெல்லா, அந்த வளையத்துக்குள்ள விடணும்," என்றான். இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத்தான் விளங்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அத்தை கத்தவில்லை. மெல்லத்தான் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"உனக்க அப்பன் எங்க போனான்னு மறந்திட்டியா?"

அக்கா சோபா நுனியில் உட்கார்ந்தாள்.

"மறக்கல்ல அத்தை. எட்டு வருசமா கரையில நிக்கிற ஆட்களத்தான் பாத்தாச்சு. ஒருத்தனும் என்னைப் பாக்கல்ல. இவன் பாத்தான். அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

அவள் அழுதாள். மாப்பிள்ளைகள் வேண்டாமென்றபோதெல்லாம் அழாதவள். மாமா டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை அடுக்களைக்குப் போய் வெங்காயம் உரித்தாள். அன்று எங்கள் வீட்டில் குழம்பே வைக்கவில்லை, ஆனால் வெங்காயம் மட்டும் ஒரு சட்டி உரிந்து கிடந்தது.

அம்மாவிடம்

அம்மாவிடம் போனில் சொல்லும் தைரியம் அக்காவுக்கு இல்லை. தூத்துக்குடிக்குப் போன் போட்டு யாரையோ மடக்கியவள், சொந்த வீட்டுக்குப் போன் போட நடுங்கினாள்.

சேவியர் சொன்னான்: "போன்ல வேண்டாம். நான் போய்ச் சொல்லுதேன்."

விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் கெஞ்சி, பாஸ்போர்ட்டை வாங்கி, ஆறு வாரம் லீவு எடுத்து ஊருக்குப் பறந்தான். தன் வீட்டில் பெட்டியை இறக்கிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குப் போனான். பிறகு நடந்ததை அம்மா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டபின் அம்மா ஒன்று கேட்டாளாம். "கரையில ஒரு சோலி பாக்க முடியாதா, மக்கா?"

"பாக்கேன்னு சொன்னா நீங்க இப்பமே சம்மதிப்பிய. ஆனா அது பொய்யாயிரும்மா. எனக்குத் தெரிஞ்சது கடல்தான். பொய் சொல்லி ஒங்க பிள்ளையக் கட்டினா நாளைக்கு அவ முகத்தப் பாக்க முடியாது."

அம்மா எழுந்து உள்ளே போனாள். அவன் போவதா இருப்பதா என்று தெரியாமல் ஒரு மணி நேரம் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். அம்மா சோறு வடித்து, குழம்பு வைத்து, இலைபோட்டுக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பரிமாறினாள்.

"ஒண்ணு செய்யணும்," என்றாள் பிறகு. "ஒனக்க லாஞ்சு கரைக்கு வந்த ஒடனே எனக்குச் சொல்லணும். நீயோ அவளோ. ஒவ்வொரு தடவையும். எனக்க ஆளு வந்தாரா வரல்லியான்னு தெரியாம இருந்தது மூணு நாளு. அந்த மூணு நாளு இனி எனக்கு வேண்டாம்."

"சொல்லுவோம்மா."

"அப்பம் சாமியாரப் பாத்து ஓலை எழுது."

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் அதை வாசிக்கவேண்டும். சாம்பல் புதனுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம். முதல் ஞாயிறு எங்கள் பெயரையும் மாப்பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து வாசித்தபோது, கோயிலில் இருந்தவர்கள் சாமியார் ஒரே வீட்டுப் பெயரைத் தவறிப்போய் இரண்டுதரம் வாசிக்கிறார் என்று நினைத்தார்களாம்.

எனக்கு லீவு சுலபமாகக் கிடைத்தது. அக்காவுக்கு வார்டில் ஆளில்லை. அவளுடைய வயதான குவைத்தி நோயாளி ஒருவர், கையில் ஊசியோடு படுத்தபடியே தலைமை நர்ஸைக் கூப்பிட்டு, "யல்லா, இந்தப் பெண்ணை அனுப்பு. நாங்கள் சாகமாட்டோம்," என்றாராம். பன்னிரண்டு நாள் கிடைத்தது.

இரண்டு கல்யாணமும் திங்கட்கிழமை, எங்கள் ஊர்க் கோயிலில். புதன் சாம்பல். அத்தை வரமாட்டாள் என்றே நினைத்தோம். ஞாயிறு காலை மாமாவோடு டாக்சியில் வந்து இறங்கினாள். இரண்டு பெட்டி நிறையப் புடவை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பந்தல்காரனிடம் போய்த் துணி நிறம் சரியில்லை என்று சண்டை பிடித்தாள். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பந்தலடியில் நின்ற சேவியரை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"லைஃப் ஜாக்கெட் போடுவியா?"

"போடுவேன் யக்கா."

"யக்கா இல்ல. இனி அத்தை."

துறைமுகம்

ஜெரால்டும் நானும் ஃபர்வானியாவில் அக்கா எடுத்த வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் குடியேறினோம். லீவு முடிந்து வந்த சேவியர், மார்ச்சில் ஒருநாள் லாஞ்சில் போனான். கல்யாணத்துக்குப் பின் அதுதான் முதல் முறை. வியாழக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான்.

வியாழன் முழுக்கக் காற்று. மணல் வந்து ஜன்னலில் அடித்தது. லாஞ்சு வரவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை பூசைக்கும் போகவில்லை. காலை டூட்டி முடித்துச் சீருடையோடே துறைமுகத்துக்குக் கிளம்பினாள். நாங்களும் போனோம்.

மீன் ஏலம் விடுகிற இடம் அது. பெண்கள் வருவதில்லை. வங்காளிகளும் எகிப்துக்காரர்களும் வெள்ளைச் சீருடையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் பனிக்கட்டிப் பெட்டியைக் கவிழ்த்து, "பைட்டோ, சிஸ்டர்," என்றார். அக்கா உட்காரவில்லை. நானும் ஜெரால்டும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

மூன்று மணிவாக்கில் காற்று தணிந்தது. லாஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஐந்தாவதில் சேவியர் முன்னால் நின்றான். ஆரஞ்சு நிற ஜாக்கெட். கயிற்றை வீசிவிட்டு நிமிர்ந்தவன் அக்காவைப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை, கூப்பிடவில்லை. அப்படியே நின்றான். பின்னால் யாரோ, "ஜல்தி பாய், ஜல்தி," என்று கத்தியபின்தான் நகர்ந்தான்.

அக்கா போனை எடுத்தாள். எண்ணை நான் அழுத்திக் கொடுத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா."

அந்தப் பக்கம் அம்மா நீளமாக மூச்சு விடுவது எனக்கே கேட்டது.

"அப்பம் சரி. போனை வையி. அவனுக்குப் பசிக்கும்."